நீலப் புட்பராகம்: ஒரு பெயரும் ஒரு நிறமும்

புட்பராகம் என்னும் சொல்லைக் கேட்டவிடத்துத் தமிழறிந்தார் உள்ளத்தில் தோன்றுவது மஞ்சள் நிறமேயாகும். ஒன்பான் மணிகளுள் ஒன்றாகவும், வியாழனுக்குரியதாகவும், பொன்னொத்த ஒளியுடையதாகவுமே மரபு அம்மணியைப் பேசி வந்துள்ளது. ஆயின் இன்றைய நகைக்கடைகளில் இதே பெயரின் கீழ் நீலக் கல்லொன்று விற்கப்படுகின்றது. மோதிரத்திலும் தோட்டிலும் பதக்கத்திலும் பதிக்கப்பெறும் அக்கல் வானின் வெளிர்நீலம் முதல் ஆழ்கடலின் கருநீலம் வரை பல சாயல்களிற் கிடைக்கின்றது. மரபுவழி நின்று நோக்கின் 'நீலப் புட்பராகம்' என்பது 'வெண்காகம்' என்பது போன்றதொரு முரண்தொடராகும். இம்முரண் தோன்றியவாற்றை ஆராயப் புகின், ஒரு பெயர் ஈராயிரம் ஆண்டுகளாகக் கல்விட்டுக் கல் தாவிய வரலாறும், ஒரு நிறம் ஆய்வுகூடத்திற் பிறந்து உலகச் சந்தையை நிறைத்த வரலாறும் புலனாகும். இரண்டாவது வரலாற்றின் ஓரத்தில் இலங்கைக்கும் ஓர் இடமுண்டு. அது பெருமை கொள்ளத்தக்க இடமன்று.

முதலிற் பெயரைக் கவனிப்போம். புட்பராகத்தை ஐரோப்பியர் 'தொப்பாசு' என வழங்குவர். கி.பி. 79 இல் மறைந்த உரோம அறிஞர் பிளினி தம் இயற்கை வரலாற்று நூலில் இச்சொல்லுக்கு விளக்கம் தருகின்றார். செங்கடலில் மூடுபனி சூழ்ந்து கிடக்கும் தீவொன்றை மாலுமிகள் அடிக்கடி தேடியலைய நேர்ந்தமையால், 'தேடுதல்' எனும் பொருள்தரும் அந்நிலத்து மொழிச் சொல்லே அத்தீவுக்கும் அங்குக் கிடைத்த மணிக்கும் பெயராயிற்று என்பது அவர் கூற்று. எகிப்திய அரசி அர்சினோவேக்கு நான்கு முழ உயரச் சிலையொன்று அம்மணியாற் செய்யப்பட்டதாகவும் அவர் எழுதுகின்றார். அவர் கூறும் மணி பச்சை நிறத்தது. இன்று சபர்கத் என வழங்கும் அத்தீவிற் கிடைப்பது பெரிடோத்து எனப்படும் பசுங்கல்லே. தொப்பாசு அங்கு இல்லை. எனவே உரோமர் தொப்பாசு என்றது இன்றைய தொப்பாசை அன்று என்பது தெளிவு. இடைக்காலத்திற் பச்சை மறைந்து மஞ்சள் மேலோங்கியது. 18 ஆம் நூற்றாண்டில் சக்சனியின் சுனெக்கென்சுதைன் குன்றில் வெட்டப்பட்ட வெளிர்மஞ்சட் கற்களும், பிறேசிலின் ஒவுறோ பிறேத்தோப் பகுதியிலிருந்து வந்த செம்பொன்னிறக் கற்களும் புகழ்பெற்ற காலத்திலேயே இப்பெயர் இன்றைய கனிப்பொருளின்மேல் நிலைகொண்டது.

கீழைநாட்டிலும் நிலைமை வேறன்று. வராகமிகிரரின் பிருகத் சங்கிதை மணிகளின் வரிசையிற் புட்பராகத்தையும் சேர்க்கின்றது. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை மதுரை மணிக்கடைவீதியை வருணிக்குங்கால் ஒன்பது மணிகளையும் எடுத்துரைக்கின்றது. ஆயினும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் புட்பராகம் எனப் போற்றப்பட்டது பெரும்பாலும் மஞ்சள் நிறக் குருந்தமேயாகும். அஃதாவது நீலமணிக்கும் செம்மணிக்கும் உடன்பிறப்பான கல். குருந்தம் எனும் நம் சொல்லே ஐரோப்பிய மொழிகளுட் புகுந்து 'கொரண்டம்' ஆயிற்று என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. நம் சொல் மேற்கே சென்று கலைச்சொல்லாக, மேற்கின் சொல்லோ நம் மஞ்சட் குருந்தத்துக்கு 'கீழைத் தொப்பாசு' என்ற வணிகப் பெயராக வந்து சேர்ந்தது. மாத்தறையின் நிறமற்ற சேர்க்கோன் 'மாத்தறை வைரம்' என விலைபோனதும் இவ்வகைப் பெயர்மயக்கமே. சந்தையிற் பெயர் கல்லைச் சுட்டுவதிலும் பார்க்க விலையைச் சுட்டுவதே பெரும்பான்மை.

கனிப்பொருளியலோ பெயரை நம்பாது பண்புகளை அளந்தது. தொப்பாசு புளோரீனும் ஐதரொட்சிலும் கலந்த ஓர் அலுமினியச் சிலிக்கேற்று. அடர்த்தி ஏறத்தாழ 3.5. குருந்தமோ அலுமினியத்தின் ஒட்சைட்டு, அடர்த்தி 4. மோ என்பார் வகுத்த வன்மை அளவுத்திட்டத்தில் எட்டாம் படிக்கு அளவுகோலாக நிற்பது தொப்பாசு. ஒன்பதாம் படிக்கு நிற்பது குருந்தம். இலங்கையில் உண்மைத் தொப்பாசும் உண்டு. மாத்தளை மாவட்டத்து இறத்தோட்டைப் பகுதி அதற்குப் பெயர்பெற்றது. அங்குக் கிடைப்பது பெரும்பாலும் நிறமற்றதாகலின் நெடுங்காலம் மதிப்புப் பெறவில்லை.

வன்மை மிக்கதாயினும் இக்கல் ஒரு திசையில் எளிதிற் பிளவுறும் இயல்புடையது. இதுவே இதன் பராமரிப்பு அனைத்தையும் நிர்ணயிக்கின்றது எனலாம். கீறல் எளிதில் விழாது. ஆயின் கல்தரையில் ஒருமுறை தவறி வீழினும் இரண்டாகப் பிளத்தல் கூடும். திடீர் வெப்பமும் அதற்கு ஆகாது. எனவே பொற்கொல்லர் ஒட்டுவேலைக்குத் தீயூதுமுன் கல்லைக் கழற்றிவிடுதலே முறை. நீராவியாலும் மீயொலி அதிர்வாலும் நகை துலக்கும் பொறிகளை விலக்கி, இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் மெல்லிய தூரிகையும் கொண்டு துலக்கினாற் போதுமானது. மோதிரத்திற் பதிக்கும்போது விளிம்பைச் சுற்றி உலோகம் தழுவுமாறு கட்டுதல் நன்று. தோடும் பதக்கமும் அடிபடுவது குறைவாகலின் அங்குக் கவ்வுநகம் போதும். மஞ்சட்பொன்னிலும் பார்க்க வெள்ளியிலும் வெண்பொன்னிலும் இதன் நீலம் எடுத்துக்காட்டும் என்பர். பொன்னையே நகையெனக் கொண்ட நம் இல்லங்களில் இக்கல் மெதுவாகவே இடம்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இனி நிறத்துக்கு வருவோம். இயற்கையில் நீலத் தொப்பாசு இல்லை என்பது தவறு. உருசியாவின் யூரல் மலைப்பகுதியிலும் உக்கிரேனிலும் அமெரிக்காவின் தெக்சாசிலும் அது கிடைத்துள்ளது. தெக்சாசு மாநிலம் 1969 இல் அதனைத் தன் மாநில மணியாகவே அறிவித்தது. ஆயின் அவ்வியற்கை நீலம் பெரும்பாலும் நீரிற் கரைத்த மை போல வெளிறியது, அரியதும்கூட. பாறையிற் கலந்துள்ள கதிரியக்கப் பொருள்கள் நெடுங்காலம் உமிழ்ந்த கதிர்களே அந்நிறத்துக்குக் காரணம் என அறிஞர் கருதுவர். இலங்கையின் பச்சைச் சேர்க்கோன்கள் தம்முள் அடங்கிய யுரேனியத்தாலும் தோரியத்தாலும் கட்டமைப்புச் சிதைந்தவை என்பதும், 1904 இல் உலகுக்கு அறிமுகமான தோரியனைற்று எனும் கதிரியக்கக் கனிப்பொருள் பலாங்கொடைப் பகுதி மணிச்சரளையில் அறியப்பட்டதே என்பதும் இதனோடு எண்ணத்தக்கன. அக்கனிப்பொருளின் ஆய்வோடு தொடர்புற்றிருந்தவர், பின்னாளிற் கலைவரலாற்று அறிஞராகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி. அக்காலத்தில் அவர் இலங்கைக் கனிப்பொருள் அளவையின் முதற் பணிப்பாளராய் இருந்தார்.

இயற்கை செய்ததை மனிதன் செய்ய முற்பட்டதும் அதே காலப்பகுதியிலேதான். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில விஞ்ஞானி வில்லியம் குறூக்சு வைரங்களை இரேடிய உப்பினுட் புதைத்து வைத்துப் பச்சையாக்கினார். தொப்பாசும் கதிர்வீச்சால் நீலமாகக்கூடும் என்பது 1957 இல் வெளிவந்த ஆய்வொன்றிற் குறிப்பிடப்பட்டது. எனினும் வணிகம் அதனைக் கையிலெடுத்தது 1970 களிலேயே. அரிதென எண்ணப்பட்ட நீலத் தொப்பாசு அக்காலத்திற் சந்தையில் திடீரெனப் பெருகியது. 1975 இல் அமெரிக்கக் கனிப்பொருளியல் ஆய்வேட்டில் நசாவு, பிரெசுகொற்று ஆகியோர், நிறமற்ற தொப்பாசைக் காமாக் கதிர்களுக்கு உட்படுத்தியபின் மிதமாகச் சூடாக்கினால் நீலம் தோன்றும் என விளக்கினர். கதிர் பட்டவுடன் கல் பழுப்பாகின்றது. ஏறத்தாழ 200 பாகை செல்சியசு வெப்பத்திற் பழுப்பு நீங்கி நீலம் எஞ்சுகின்றது. பின்னர் இலத்திரன் ஆர்முடுக்கிகளும் அணு உலைகளும் இதற்குப் பயன்பட்டன. அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழக ஆராய்ச்சி உலையும் அவற்றுள் ஒன்று. உலையின் நியூத்திரன்கள் தரும் கருநீலம் 'இலண்டன் நீலம்' எனவும், இருமுறைகளும் சேர்ந்து தரும் ஒளிநீலம் 'சுவிசு நீலம்' எனவும் பெயர்பெற்றன. இலண்டனிலோ சுவிற்சர்லாந்திலோ இக்கற்கள் அகழப்படுவதில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

உலையிலிருந்து வரும் கல் சிறிது காலம் தானே கதிரியக்கம் உடையதாயிருக்கும். அது பாதுகாப்பான எல்லைக்குக் கீழ் தணியும் வரை மாதக்கணக்கிலும், சிலபோது ஆண்டுக்கணக்கிலும், காப்பிலிருத்தப்படுகின்றது. அமெரிக்காவில் அத்தகைய கற்களை முதன்முதற் சந்தைக்கு விடுவோர் உரிமம் பெறல் வேண்டும். முறைப்படி வெளிவந்த கல்லை அணிவதால் அச்சமில்லை. நீலம் வெயிலில் மங்குவதுமில்லை. 1980 களில் உற்பத்தி பெருகப் பெருக விலை சரிந்தது. அரும்பொருளாயிருந்த நீலம் மாணவியரும் வாங்கக்கூடிய நீலமாயிற்று.

பொருள் கற்பிக்கும் மரபு இப்புதுவரவை எவ்வாறு ஏற்றது? மேல்நாட்டிற் பிறந்தமாத மணிகளின் பட்டியல் 1912 இல் அமெரிக்க நகைவணிகர் சங்கத்தால் ஒழுங்குசெய்யப்பட்டது. அதில் நவம்பருக்குரியது தொப்பாசு. நீலத் தொப்பாசு பிற்காலத்தில் திசம்பர் மாதத்துக்கு உரியதாக்கப்பட்டது. நட்பு, அமைதி, உண்மை எனப் பல பொருள்கள் அதற்கு ஏற்றப்படுகின்றன. வணிகர் வகுத்த பட்டியலாதலின் வணிகத்தோடு அதுவும் வளர்வது வியப்பன்று. நம் சோதிட மரபோ இடர்ப்பட்டது. மஞ்சள் புட்பராகம் குருவுக்கும் நீலம் சனிக்கும் உரியன. பெயராற் குருவையும் நிறத்தாற் சனியையும் சார்ந்த ஒரு கல்லை எக்கோளுக்கு உரிமையாக்குவது? நீலமணி அணியத் தயங்குவோர் பலராகலின், எக்கோளுக்கும் உரியதல்லாத நீலமாய் இருப்பதே இக்கல்லின் நற்பேறு போலும்.

இவ்வாறு ஆக்கப்பட்ட நிறத்தையுடைய கல் போலிக்கல்லே எனச் சிலர் வாதிடுவர். அவ்வாதம் வரலாற்றோடு பொருந்தாது. 16 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்த்துக்கேயர் துவார்த்தே பார்போசா, இலங்கையிற் செம்மணிகளைத் தீயிலிட்டு நிறம் திருத்தும் வழக்கத்தைக் குறிப்பிடுகின்றார். அரபு நூலாசிரியர் அதற்கு முன்பே இதனை அறிந்திருந்தனர். இலங்கை மணிவினைஞர் கரிநெருப்பையும் ஊதுகுழலையும் கொண்டு செம்மணியின் நீலச்சாயலை நீக்குவதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்துள்ளனர். தீயைக் குற்றமாகக் கொண்டால் இத்தீவின் மணிவரலாற்றிற் பெரும்பகுதியைக் குற்றமாகக் கொள்ளல் வேண்டும். குற்றம் தீயில் இல்லை; விற்போன் அதனை மறைப்பதிலேயே உள்ளது. இயற்கை நீலத் தொப்பாசையும் ஆக்கப்பட்ட நீலத் தொப்பாசையும் எளிய சோதனையாற் பிரித்தறிய இயலாது. ஆதலின் இக்கல்லைப் பொறுத்தவரை விற்போன் சொல்லே வாங்குவோனுக்குள்ள ஆதாரம்.

நிறமற்ற தொப்பாசு அணு உலைகளில் நீலமாகிக் கொண்டிருந்த அதே 1970 களில், தீயைப் பற்றிய இவ்வறிவில் இலங்கை பின்தங்கியிருந்தமை வெளிப்பட்டது. இரத்தினபுரிப் பகுதியின் அகழிகளிற் பாலும் புகையும் கலந்தாற் போன்ற மங்கிய குருந்தக் கற்கள் மிகுதியாகக் கிடைப்பதுண்டு. சிங்களத்தில் அவற்றைக் கெவுடா என்பர். பட்டை தீட்டத் தகாதவையென அவை ஒதுக்கப்பட்டன. 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அரச இரத்தினக்கற் கூட்டுத்தாபனம் அமைந்து, மணி ஏற்றுமதி நாட்டின் பெருவருவாயாக வளர்ந்த காலம் அது. தாய்லாந்து வணிகர் வந்து கெவுடாவை மலிவு விலைக்கு வாங்கிச் சென்றனர். 1,500 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில், ஒட்சிசன் குறைந்த சூழலில், கல்லினுள் நுண்ணிழைகளாய் நின்று பாலாடை போற் காட்டிய உரூத்தைல் கரைந்தது. அதிலிருந்த தைத்தேனியம் கல்லின் இரும்போடு கூடி நீலத்தைப் பிறப்பித்தது. இங்கிருந்து மங்கற்கல்லாகப் போனது அங்கிருந்து நீலமணியாக உலகச் சந்தைக்குச் சென்றது. ஊதுகுழலின் தீ அவ்வெப்பத்தை எட்டவல்லதன்று. மணியை நிறத்தாலும் எடையாலும் கண்ணாலேயே மதிப்பிட்ட அகழிக்காரனுக்கும், பேருவளையிலும் இரத்தினபுரியிலும் கைமாற்றிய வணிகனுக்கும், கல்லினுள் மறைந்து கிடந்த நீலம் தெரியவில்லை.

பின்னர் இலங்கையிலும் உயர்வெப்ப உலைகள் எழுந்தன. வேதியியல் கற்றோர் கெவுடாவை ஆராய்ந்து வகைப்படுத்தினர். எவ்வகைக் கல் நீலமாகும், எது மஞ்சளாகும் எனப் பார்த்தறியும் திறன் இங்குள்ள வணிகருக்கும் கைவந்தது. கெவுடா என்ற சொல் விலையுடைய சொல்லாயிற்று. முதற் பத்தாண்டின் கற்கள் அதற்குள் கடல் கடந்துவிட்டன.