பரத்பூரின் வாத்து வேட்டை

ராஜஸ்தானின் கேவலாதேவ் இயற்கையாக அமைந்த ஏரியன்று. பள்ளமான காட்டு நிலத்தில் கரைகளும் மதகுகளும் அமைத்து, நீரைத் தேக்கி, அதை வாத்து வேட்டைக்களமாக்கியவர்கள் பரத்பூர் மன்னர்கள். வைஸ்ராய்களும் சமஸ்தானாதிபதிகளும் குளிர்காலத்தில் இங்கே கூடினர். 1938 நவம்பர் 12 அன்று, வைஸ்ராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்ந்தன. அந்த எண்ணிக்கை இன்றும் அங்குள்ள கல்வெட்டில் இருக்கிறது. வடக்கிலிருந்து வலசை வந்த கிளுவைகளும் ஊசிவால் வாத்துகளும் இளைப்பாற இறங்கிய நீரிலேயே மடிந்தன. கொடுமைதான், ஆயினும் அந்த வேட்டைக்காகவே ஏரிக்கு நீர் விடப்பட்டது என்பதையும் மறுக்க இயலாது.

1972-க்குப் பிறகு துப்பாக்கிகள் ஓய்ந்தன. 1985-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் கேவலாதேவ் இடம்பெற்றது. பின்னர் ஏரிக்கு நீர் தந்த ஆற்றின் மேற்புறத்தில் பாஞ்சனா அணை எழுந்து, நீர்வரத்து சுருங்கியது. மழை பொய்த்த ஆண்டுகளில் ஏரி வறண்டது. ஆற்றுநீரில் இந்தப் பறவைகளுக்கும் ஒரு பங்கு ஒதுக்கியே ஆகவேண்டும்.