குத்ருப்: தன்னை விலங்கென நம்பும் நோய்

கெடில நதிக்கரையிலுள்ள திருவதிகை, நோயொன்றின் நினைவைச் சுமந்து நிற்கும் ஊர். ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசரின் சூலை நோய் நீங்கிய தலம் என அதனைச் சைவர் போற்றுவர். வயிற்று வலியை எடுத்துரைக்க நோயாளிக்கு நாவு உண்டு. தன்னையே விலங்கென்று நம்பிவிட்டவன் யாரிடம், எம்மொழியில் முறையிடுவான்? நம் முன்னோர் இதற்கும் விடை தேடினர்.

அரபிக் கல்லூரிகளில் பயின்றோர் 'குத்ருப்' என்னும் பெயரை அறிவர். இலக்கண மேதை சீபவைஹி வைகறையில் கதவைத் திறக்கும்போதெல்லாம் வாசலில் காத்து நின்ற மாணவருக்கு அவர் சூட்டிய பட்டப்பெயர் அது. ஓயாது அலையும் சிறு உயிரினத்தின் பெயரே மாணவரின் பெயராயிற்று. மருத்துவ நூல்களில் அதுவே ஒரு நோயின் பெயருமாயிற்று.

இப்னு சீனா (980–1037) தமது 'அல்-கானூன்' நூலில் குத்ருபை மாலிகூலியா எனும் மனச்சோர்வு நோயின் ஒரு வகையாக விவரிக்கிறார். நோயாளி மனிதரை விட்டு விலகுவான், இரவில் அடக்கத்தலங்களில் திரிவான், முகம் வெளிறும், கண்கள் வறளும், கால்களில் ஆறாப் புண்கள் காணும். கிரேக்க மருத்துவர் இதனை ஓநாயின் பெயரால் வழங்கினர். பேயின் வேலை என்று ஊரார் அஞ்சிய நிலையை அவர்களும் நம்மவரும் உடல், உள்ளம் சார்ந்த பிணியாகக் கண்டு, உணவும் உறக்கமும் நீராடலும் மருந்தும் விதித்தனர்.

12-ஆம் நூற்றாண்டுப் பாரசீக நூலான 'சஹார் மகாலா' ஒரு நிகழ்ச்சியை உரைக்கிறது. புவைஹி இளவரசன் ஒருவன் தன்னை மாடென்று நம்பினான். "என்னை அறுத்துச் சமையுங்கள்" என்று கதறி, உண்ண மறுத்தான். அமைச்சராயிருந்த இப்னு சீனா, அறுப்பவர் வருகிறார் என்று முன்கூட்டியே சொல்லியனுப்பி, கையில் கத்தியுடன் நுழைந்தார். கை கால்களைக் கட்டச் செய்து, விலாவைத் தடவிப் பார்த்து, "இம்மாடு மெலிந்திருக்கிறது, தீனி போட்டுக் கொழுக்க வையுங்கள்" என்றார். கொழுத்தால் அறுபடலாம் என்று இளவரசன் உண்டான். உணவோடு மருந்தும் உட்சென்றது. ஒரு மாதத்தில் குணமடைந்தான். நோயாளியின் நம்பிக்கையை ஏளனம் செய்யாமல், அதன் வழியே புகுந்து அவனை மீட்ட நுட்பம் இங்கே கருதத்தக்கது.

திருக்குர்ஆன் (2:65) குரங்குகளாகுமாறு கட்டளையிடப்பட்டோரைக் குறிப்பிடுகிறதே எனச் சிலர் வினவலாம். அங்கும் உருமாறியது உள்ளமே, உடலன்று என்பது தாபியீ முஜாஹிதின் விளக்கம். உடலே மாறியது என்பது பெரும்பாலோர் கருத்து. எவ்வாறாயினும் அது வரம்பு மீறியோர்க்கு நேர்ந்த தண்டனை. நோயோ குற்றமன்று. சித்தம் கலங்கியவரிடமிருந்து எழுதுகோலையே உயர்த்திவிட்ட மார்க்கம் நம்முடையது.

இந்நோய் மறைந்துவிடவில்லை. மனச்சோர்வுடன் இத்தகைய நம்பிக்கை கொண்ட இருவரைப் பற்றி 1999-இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் எழுதினர். இன்று அதற்கு மருந்துகளும் சிகிச்சை முறைகளும் உள்ளன.

ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகமொன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. தன்னை மாடென்று எண்ணியவனை மனிதனாக மீட்டார் இப்னு சீனா. மனிதராய்ப் பிறந்தோரை நாம் மாடுகளைப் போலக் கட்டி வைத்தோம். பிறழ்ந்தது யாருடைய சித்தம் என்று சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.