தேன்கனிக்கோட்டையில் தொடங்கும் கதை: ஓர் ஆஸ்கர் குறும்படத்தில் விடுபட்ட நிலம்

கார்த்திகி கொன்சால்வஸ் இயக்கிய 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' 2023 மார்ச்சில் சிறந்த ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. அன்றுமுதல் அது முதுமலையின் படமாகவே பேசப்படுகிறது. தெப்பக்காடு யானைகள் முகாம், காட்டுநாயக்கர் குடியைச் சேர்ந்த பொம்மன், பெள்ளி, அவர்கள் வளர்த்த ரகு, பொம்மி என்னும் குட்டிகள் என்று விமர்சனங்கள் அந்த எல்லைக்குள்ளேயே நின்றுவிட்டன. ஆனால் ரகு முதுமலைக் காட்டுக்குரியவன் அல்லன். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூரை அடுத்த தேன்கனிக்கோட்டைக் காட்டுப் பகுதியில், தாய் மின்சாரம் தாக்கி இறந்தபின் 2017இல் மீட்கப்பட்டவன். இக்கதையின் காரணம் தேன்கனிக்கோட்டையில் இருக்கிறது. படமோ அதன் விளைவை மட்டும் காட்டுகிறது என்பதே என் வாதம்.

அந்தக் காரணத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். மழைக்காலம் முடிந்து ராகி முற்றும் பருவத்தில், கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வருகின்றன. தேன்கனிக்கோட்டை, சானமாவு, ராயக்கோட்டை, சூளகிரி என்று அவை பிரிந்து செல்லும். இது யானைகளுக்குப் பழகிய தடம். மாநில எல்லை அவற்றுக்கு இல்லை. தடத்தின் இருபுறமும் உள்ள நிலம்தான் மாறிவிட்டது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் ஓசூர் வளர்ந்து, 2019இல் மாநகராட்சி ஆனது. வீட்டுமனைகளும் கல்குவாரிகளும் பெங்களூரு நெடுஞ்சாலையும் காட்டைத் துண்டாக்கின. காவிரி வடக்கு வனவுயிரினச் சரணாலயம் 2014இலும், காவிரி தெற்கு 2022இலும் அறிவிக்கப்பட்டன. ஆனால் சரணாலயத்துக்கு வெளியே இருக்கும் சிறு காடுகளுக்கும் யானை போகிறது. அங்கே மானாவாரி ராகியை நம்பியிருக்கும் விவசாயி பரண்மேல் இரவெல்லாம் காவல் இருக்கிறார். ஒரே இரவில் ஆண்டு உழைப்பு மிதிபடும் என்ற அச்சத்தில் சிலர் மின்கம்பியிலிருந்து நேரடியாக வேலிக்கு மின்சாரம் கொடுக்கிறார்கள். அது குற்றம். அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் அக்குற்றத்தைத் தடுக்க முடியாது.

வேறோரிடத்தில் வாழ்வோரைப் பற்றிய கலை, அவர்கள் இழந்த இடத்தை எப்படிக் கையாள்கிறது என்பது பழைய கேள்வி. கனடிய ஆர்மீனியரான ஆட்டம் எகோயன் 2002இல் எடுத்த 'அராரட்' டொராண்டோவில் நிகழ்கிறது. எனினும் 1915இல் வான் என்னும் நகரில் ஆர்மீனியர்களுக்கு நேர்ந்த அழிவை எப்படி அறிவது, யார் சாட்சி என்பதே அப்படத்தின் மையச் சிக்கல். கொன்சால்வஸின் படத்தில் இழந்த நிலம் சில சொற்களில் கடந்துபோகிறது. வந்துசேர்ந்த இடத்தின் பரிவு திரையை நிறைக்கிறது.

நாற்பது நிமிடப் படத்திடம் இதைக் கேட்பது நியாயமா என்று வினவலாம். புலிக்குக் கணவரைப் பறிகொடுத்த பெள்ளி, தாயற்ற குட்டிக்குப் பால் புகட்டுவதைப் பொறுமையாகக் காட்டியதே அப்படத்தின் பெரும் சாதனை. அதை நான் குறைக்கவில்லை. ஆயினும் காரணம் மறையும்போது அனாதையாதல் ஒரு விதியைப்போலத் தோன்றிவிடுகிறது. அது விதி அல்ல. விருது அறிவிக்கப்படுவதற்குச் சில நாள் முன்புதான், அண்டை மாவட்டமான தருமபுரியின் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று பெண் யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் தவித்து நின்றன. உலகம் பொம்மனைத் திரையில் கொண்டாடிய அந்நாளில், அவர் தாயைப் பிரிந்த குட்டிகளை மீட்கும் பணிக்காகத் தருமபுரியில் இருந்தார். ரகுவின் கதை ஆறு ஆண்டுகளுக்குப்பின் அதே நிலப்பரப்பில் மீண்டும் நிகழ்ந்தது. மின்வேலிகளைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு அந்த ஆண்டுதான் கொண்டுவந்தது.

ஆகவே திரைப்பட ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். இப்படத்தைத் தளியிலும் அஞ்செட்டியிலும் ராகி விவசாயிகளோடு அமர்ந்து பாருங்கள். வேட்டைத் தடுப்புக் காவலர்களும் உடன் இருக்கட்டும். அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்யுங்கள். படம் விட்ட முதல் அத்தியாயம் அவர்களிடம்தான் இருக்கிறது.