மீன்முள் வாய்க்கால் பிறந்த கதை

தர்மபுரி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. ஆனால் ஒகேனக்கல்லில் விழுகிற காவிரி, மேட்டூர் தாண்டிக் கிளை கிளையாகப் பிரிந்து கடலைத் தொடும் இடங்களில் இரண்டு அலையாத்திக் காடுகள் இருக்கின்றன. கொள்ளிடத்துக்கு வடக்கே பிச்சாவரம். கோரையாறும் பாமணியாறும் முடிகிற இடத்தில் முத்துப்பேட்டை. ஐப்பசி, கார்த்திகையில் அங்கே ஆற்று நீர் நிறைந்திருக்கும். கோடையில் மழையும் இல்லை, ஆறும் எட்டிப் பார்க்காது. சேறு காய்ந்து உப்புப் பூக்கும்.

இந்தக் காடுகள் ஒரு காலத்தில் வெறும் விறகு. வெள்ளைக்காரர் ஆட்சியில் காட்டைக் கூறுபோட்டு, ஒவ்வொரு கூறாக அடியோடு வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் மறுபடி முளைத்துவிடும் என்பது நினைப்பு. முளைக்கவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் வெட்டு நிற்கவில்லை. காடு மொட்டையானதற்குப் பழி விழுந்தது, மாடு மேய்த்து விறகு பொறுக்கிய ஊர்க்காரர்கள் மேல்.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் தரையைப் பார்த்தார்கள். நிழல் போனதால் ஈரம் வற்றி, மண் அமிழ்ந்து, வெட்டிய இடமெல்லாம் தாம்பாளம் போலக் குழிந்திருந்தது. ஓதம் ஏறும்போது புகுந்த கடல்நீர் இறங்கும்போது வெளியேற வழியில்லை. வெயிலில் வற்ற வற்ற உப்பு ஏறி, உமிரிப் பூண்டைத் தவிர வேறெதுவும் தங்கவில்லை. கன்று நட்டால் கருகத்தானே செய்யும்?

செய்த வைத்தியம் எளிது. ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள். கரைகளைச் சரிவாக வெட்டி, அந்தச் சரிவில் வெண்கண்டல் கன்றுகளை நட்டார்கள். ஓதம் தினமும் வந்து உப்பைக் கழுவிக்கொண்டு போனது. வனத்துறையும் கரையோரக் கிராமத்தாரும் சேர்ந்து இதைப் பரப்பினார்கள்; பழி சுமந்தவர்களே காடு வளர்த்தார்கள். ஆந்திரத்தின் கோதாவரி, கிருஷ்ணா முகத்துவாரங்களுக்கும் இந்த முறை போனது.

அப்போது யாரும் கார்பன் கணக்குப் பார்க்கவில்லை. 2009இல் ஐ.நா. அறிக்கை ஒன்று கடலும் கடலோரமும் பிடித்துவைக்கும் கார்பனுக்கு 'நீலக் கார்பன்' என்று பெயர் வைத்த பிறகுதான் உலகம் இந்தச் சேற்றைத் திரும்பிப் பார்த்தது. அலையாத்திக் காட்டின் கார்பனில் பெரும்பங்கு மரத்தில் இல்லை, அடிமண்ணில் இருக்கிறது. ஈரச் சேற்றில் காற்று புகாததால் உதிர்ந்த இலையும் செத்த வேரும் மக்காமல் நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். மண் காய்ந்து காற்று புகுந்தால் மக்கி, கரியமில வாயுவாகப் போய்விடும். வறண்ட கடற்கரைகளில் மரம் குட்டையாகவே நிற்கும். ஆகவே உயரத்தை வைத்து அங்கே எதையும் எடைபோட முடியாது.

வாய்க்காலுக்கு ஒரு தொல்லை உண்டு. ஓதம் கொண்டுவரும் வண்டல் படிந்து தூர்ந்துபோகும். வாராமல் விட்டால் தண்ணீர் பழையபடி தேங்கும். கன்று நடும்போது படம் எடுக்க ஆள் வரும், தூர் வாரும்போது வராது. இந்தக் காடு சேமிக்கும் கார்பனை விலைபேச வருகிறவர்கள் முதலில் தூர் வாரும் கூலியைக் கணக்கில் எழுதட்டும்.