வாடைக் காலமும் சேதுக் கடலும்

சேதுக்கரையின் இருபுறத்துக் கடலும் ஒரு தன்மைய அல்ல. வடபாலுள்ள பாக்கு விரிகுடா ஆழங் குறைந்து அலை தணிந்தது. அதனைப் பெண்கடல் என்றும், தென்பாலுள்ள மன்னார் குடாவை ஆண்கடல் என்றும் அவண் வாழ்வோர் வழங்குவர்.

ஐப்பசி, கார்த்திகையில் வாடை எழுங்கால் இந்நிலை மாறும். வடகடல் கொந்தளித்துக் கலங்கும். தென்கடல், தீவும் மணற்றிட்டும் காற்றை மறைத்தலின், ஒருவாறு அடங்கும். அதுபற்றியே வலைஞர் தோணியையும் கரைவலையையும் தென்கரைக்குக் கொண்டேகுவர். தென்மேற்குக் காற்று மிக்க ஆனி, ஆடியில் வடகரைக்கு மீளுவர். இவ்வொழுங்கு ஏட்டில் எழுதப்பட்டதன்று. தலைமுறைதோறும் வந்த பட்டறிவேயாம்.

1914-ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், தனுஷ்கோடி இருப்புப்பாதையும் கப்பற்றுறையும் உடைய ஊராய்ப் பொலிந்தது. 1964-ஆம் ஆண்டு திசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயலில் அவ்வூர் அழிந்தது. புகைவண்டி யொன்றும் பயணிகளோடு கடலுட்பட்டது. வாழத் தகாத இடமென அரசினர் அறிவித்தனர். ஆயினும் வலைஞர் அக்கரையைத் துறந்தாரல்லர். இன்றும் அங்கே கரைவலை இழுக்கின்றனர்.

வானிலை யாராய்வோர் விடுக்கும் எச்சரிக்கையைப் போற்றுதல் இன்றியமையாததே. அதனோடு, காற்றின் பெயரும் நீரோட்டக் குறிப்பும் முதியோருடன் மறையுமுன் அவற்றைக் கேட்டெழுதி வைத்தல் கற்ற இளைஞர் கடனென்று யாம் வேண்டுகின்றோம்.