பத்து வயதும் பாழ்பட்ட மௌனமும்

பத்து வயது! பலகையும் பலப்பமும் ஏந்திப் பள்ளி செல்லவேண்டிய பருவம். அந்தப் பருவத்தைத்தான் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், பெண் இசைவு தரும் வயதென எழுதிவைத்தது. பத்தைக் கடந்த மனைவி, கணவனின் உடைமை!

இக்கொடுமையைக் கண்டு ஒருவர் எழுதுகோலை ஏந்தினார். பம்பாய்ப் பத்திரிகையாளர் பெஹ்ராம்ஜி மலபாரி. 1884இல் குழந்தை மணத்தைக் கண்டித்துக் குறிப்புகள் வெளியிட்டார். நாடெங்கும் அனுப்பிக் கருத்துக் கேட்டார். பதினோரு வயதில் மணம் முடிக்கப்பட்ட ருக்மாபாயோ, கணவன் வீடு செல்ல மறுத்தார். 1887இல் நீதிமன்றம், 'கணவனிடம் செல். இன்றேல் சிறை' என்றது. சிறையே மேல் என்றார் அந்த வீரமங்கை! பின்னர் மருத்துவரானார்.

ஆயினும் ஆட்சியாளர் அசையவில்லை. 1890இல் கல்கத்தா நீதிமன்றத்திலே ஒரு வழக்கு. கணவனின் வன்செயலால் இரத்தம் பெருகி மாண்டாள் சிறுமி பூல்மணி. அவள் பத்து வயதைக் கடந்தவள். ஆகவே சட்டத்தின் கண்ணுக்கு அது கற்பழிப்பன்று! ஓராண்டுச் சிறையோடு தப்பினான் அவன்.

நாடு அதிர்ந்தது. பெண் மருத்துவர்கள், தாம் கண்ட சிறுமியரின் காயங்களைப் பட்டியலிட்டு அரசுக்கு விண்ணப்பித்தனர். மலபாரி இலண்டன் சென்று ஆதரவு திரட்டினார். எதிர்ப்போ ஏராளம்! சாத்திரத்திலே அரசு தலையிடுவதா என்று சீறினர் வைதிகர்; திலகரின் 'கேசரி'யும் எதிர்த்தது. எனினும் 1891 மார்ச் 19இல் வயது பன்னிரண்டாயிற்று.

இரண்டே ஆண்டுகள்தாம் உயர்ந்தன! அச்சட்டமும் ஏட்டிலே உறங்கியது. வீட்டுக்குள் நடப்பதை யார் சொல்வது? 1929இல் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினான்காக்கியபோது, அது நடப்புக்கு வருமுன்னரே அவசரத் திருமணங்கள் ஆயிரமாயிரமாய் நடந்தேறின. சட்டம் மாறியது, மனம் மாறவில்லை.

2012இல் வந்த போக்சோ சட்டம், பதினெட்டு வயது நிரம்பாத ஆண், பெண் இரு குழந்தைகளையும் காக்கிறது. குற்றத்தை அறிந்தும் அறிவிக்காதிருப்பதைக் குற்றமென்கிறது. 1098 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் உண்டு. ஆனால் நம் வகுப்பிலே எத்தனை பிள்ளைகள் அதை அறிவர்?

தோழர்களே! அன்று பூல்மணியைக் கொன்றது ஒருவன் மட்டுமா? குடும்ப மானம் என்று வாய்மூடிய ஊரும் சேர்ந்தே கொன்றது. இன்றும் அதே மானம் பேசப்படுகிறது. 'தொடாதே' என்று சொல்லக் குழந்தைக்குக் கற்பிப்போம். அது வந்து சொல்லும்போது, அடக்காமல், ஐயுறாமல், செவிசாய்ப்போம். மௌனம் மானமன்று, குற்றவாளியின் கோட்டை. அதைத் தகர்ப்பது நம் கடன்!