சாப்பிட்ட பிள்ளைகள் ஓட்டுப் போட்ட வருஷம்

மதிய உணவு போட்ட காமராஜரையே 1967-இல் விருதுநகரில் தோற்கடித்தார்களே, நன்றிகெட்ட சனம் என்று எங்கள் மாதவரத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். திட்டம் வந்தது 1956-இல். அன்று ஒன்றாம் வகுப்பில் தட்டேந்திய பிள்ளைக்கு 1967-இல் 16, 17 வயது. ஓட்டுரிமையோ 21 வயதில். சாப்பிட்டவர்களில் பெரும்பாலோர் வரிசையில் நிற்கவே இல்லை. நின்றவர்கள் அரிசிக்கு அலைந்துகொண்டிருந்த அப்பா அம்மாக்கள்.

எங்கள் தாத்தா பெரம்பூர் பின்னி மில் கூலி. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்த மில் ஆட்களால்தான். 1937 தேர்தலில் சொத்து, வரி, படிப்பு என்று தகுதி கேட்டார்கள். அவரிடம் எதுவும் இல்லை. 1952-இல்தான் முதல் ஓட்டு. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, அதன்மேல் சின்னம். கைநாட்டுக்காரரான தாத்தா, சங்கத்தார் சொல்லிவிட்ட சின்னத்தைத் தேடிச் சீட்டைப் போட்டார். சாகும்வரை சங்கம் சொன்னதுதான் அவர் ஓட்டு.

அப்பா எட்டாவது வரை படித்தார். தி.மு.க.வினர் தெருவுக்குத் தெரு நடத்திய படிப்பகங்களில் ஒருவர் பேப்பரை உரக்க வாசிக்க, எழுத்தறியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். எங்கள் தெருவில் வாசித்தவர் அப்பா. காங்கிரஸ் ஆட்சிப் பள்ளிக்கூடத்தில் கற்ற எழுத்தைக் கொண்டுதான் காங்கிரஸை எதிர்த்த பேப்பரை வாசித்தார். கடைசிவரை உதயசூரியன்தான்.

நான் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். கிராமங்களில் தொடங்கியது, செப்டம்பரில் நகரங்களுக்கும் வந்தது. எனக்கு 9 வயது. அப்பா லாரி செட்டில் லோடுமேன்; லோடு வராத நாளில் வீட்டு அடுப்பு எரியாது. பள்ளிக்கூடத்துச் சோறு அன்று எங்களுக்குச் சலுகையல்ல, அன்றைய ஒரே சாப்பாடு. 1989-இல் ஓட்டு வயது 18 ஆனதால் 1991-இல் வாக்குச்சாவடிக்குப் போனேன். எம்.ஜி.ஆர். இறந்து மூன்றரை வருஷம் ஆகியிருந்தது. இரட்டை இலையில் குத்தினேன். அப்பா பல நாள் பேசவில்லை.

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "நான் 84-லயே மாத்திப் போட்டுட்டேன்டி, உங்கப்பாகிட்ட சொல்லாத" என்றாள். பிள்ளையின் வயிறு நிறைந்த நிம்மதியை அவள் உடனே ஓட்டாக்கினாள். அந்தச் சோற்றைத் தின்ற நான் ஒன்பது வருஷம் கழித்து வந்தேன்.

2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் வந்தது. அன்று ஐந்தாம் வகுப்பில் இருந்தவர்களுக்கே ஏறக்குறைய 2030-இல்தான் 18 வயது. அதன் பலனை அறிய விரும்புகிறவர்கள், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் தாய்மார்களிடம் இப்போதே கேட்கட்டும். வீட்டு ஆம்பளைகள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்க வேண்டும்.